அத்தியாயம் 7: மறதிநோயாளருக்கான பராமரிப்பு இல்லத்தை மதிப்பிடுதல்

7.1 மதிப்பீட்டின் அடிப்படை

சாதாரண முதியோர் இல்லமொன்றில் பெற்றோரைச் சேர்க்கும் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சோறு குழைந்திருந்தாலும், பணியாளர் முகம் சுளித்தாலும், அங்கே வசிக்கும் முதியவரே மறுநாள் மகனையோ மகளையோ தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுவார். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மறதிநோய்க்கு ஆளானவரின் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காலையில் குளிக்க வைத்தார்களா என்பது மாலையில் அவருக்கு நினைவிருக்காது. நினைவிருந்தாலும் சொற்கள் கைகொடுக்காது. சொன்னாலும் அது நோயின் பிதற்றல் என்று எளிதில் ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவே இத்தகைய இல்லத்தை மதிப்பிடுவோர், அங்கு வசிப்பவரின் சொல்லைச் சாராமலேயே சரிபார்க்கக்கூடிய சான்றுகளைத் தேட வேண்டியவர்களாகிறார்கள்.

அத்தகைய சான்றுகள் மூன்று வகைப்படும். இல்லத்தின் அன்றாட நடப்பில் கண்ணால் காணத்தக்கவை முதல் வகை. பதிவேடுகளில் எழுதப்பட்டிருப்பவை இரண்டாம் வகை. நிர்வாகியிடமிருந்து அல்லாமல், நோயாளரைத் தொட்டுப் பராமரிக்கும் பணியாளரிடமிருந்து கிடைக்கும் விடைகள் மூன்றாம் வகை. வரவேற்பறையின் பளபளப்பும் வண்ணக் கையேடும் இம்மூன்றிலும் அடங்கா. ஒரு வகைச் சான்று மற்றொன்றோடு முரண்படும் இடங்களிலேயே இல்லத்தின் உண்மை நிலை பெரும்பாலும் வெளிப்படுகிறது என்பதால், ஒன்றை மற்றொன்றால் சோதிப்பதே இவ்வத்தியாயம் பரிந்துரைக்கும் முறையாகும்.

7.2 தேடலுக்கு முன்: நோயின் நிலையை அறிதல்

மறதிநோய் என்பது தனியொரு நோயன்று. நினைவாற்றல், மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அன்றாட வாழ்க்கை குலையும் அளவுக்குச் சிதைக்கும் பல மூளை நோய்களின் பொதுப்பெயர். அல்சைமர் நோய் இவற்றுள் மிகப் பரவலானது; மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வரும் வகையும், லூயி உடல்கள் எனப்படும் புரதப் படிவுகளால் வரும் வகையும், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையும் பிற. எந்த வகை என்பது இல்லத் தேர்வைப் பாதிக்கும் செய்தியாகும். லூயி உடல் வகையினர் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் உயிராபத்தான விளைவுகளுக்கு உள்ளாகக்கூடும். முன்பகுதி பாதிக்கப்பட்டவர் ஐம்பதுகளிலேயே நோயுற்று, உடல் வலிமை குன்றாத நிலையில் கூச்சம், கட்டுப்பாடு ஆகியவற்றை மட்டும் இழந்திருக்கக்கூடும். எனவே நோய்வகை, நிலை, உடனிருக்கும் பிற நோய்கள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மனநல மருத்துவரிடமோ எழுத்தில் பெற்ற பின்னரே தேடலைத் தொடங்குவது நன்று.

2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீடுகளிலேயே பராமரிக்கப்படுகின்றனர். மறதிநோய்க்கென்றே அமைந்த இல்லங்கள் தமிழ்நாட்டில் சிலவே. எனவே குடும்பங்கள் சென்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை மறதிநோயாளரையும் ஏற்றுக்கொள்ளும் பொது முதியோர் இல்லங்களாகவே இருக்கும். தாமாக நடந்து, உண்டு, கழிவறை செல்லக்கூடியவருக்கு அத்தகைய இல்லம் இன்று போதுமானதாக இருந்தாலும், நோய் முற்றும்போது அவரை வைத்திருக்குமா, திருப்பி அனுப்பிவிடுமா என்ற கேள்வியை முதல் உரையாடலிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். இடமாற்றம் ஒவ்வொன்றும் மறதிநோயாளரைப் பெரிதும் குழப்புவதால், இரண்டாவது இடமாற்றத்தைத் தவிர்ப்பதும் தேர்வின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

7.3 பதிவும் சட்டநிலையும்

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, அதன்கீழ் மாநில அரசு வகுத்த 2009ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி சமூக நலத் துறையிடம் பதிவு பெற வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றலையும், இடம்–காலம்–ஆள் அறியும் திறனையும் பெரிதும் குலைக்கும் கோளாறுகளும் இடம்பெறுகின்றன. மனநோயாளரைச் சேர்த்துத் தங்கவைக்கும் நிறுவனங்கள் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆதலால், இல்லம் எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது, சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும் என்பவற்றைக் கேட்டு, சான்றிதழையே நேரில் பார்க்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற விடை கிடைத்தால், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிப்பது முறையாகும்.

இல்லத்தில் சேர்ப்பதே சட்டப்படி குற்றமாகுமோ என்று சில குடும்பங்கள் அஞ்சுவதுண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மூத்த குடிமகனை அறவே கைவிடும் நோக்குடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வதையே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றமாக்குகிறது. பராமரிப்பை ஏற்பாடு செய்து தொடர்ந்து கவனித்து வருவது கைவிடுதல் ஆகாது.

நோய் தொடக்க நிலையில் இருப்பின் செய்யத்தக்க மற்றொன்றும் உண்டு. சிகிச்சை தொடர்பான முடிவுகளில் தமக்குத் துணைநிற்க ஒருவரை 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி'யாக அறிவிக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டால் போதுமானது. இதை நோயாளருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே செய்து வைத்தால், பின்னாளில் இல்லமும் உடன்பிறந்தாரும் யார் சொல்லைக் கேட்பது என்று தடுமாற நேராது.

7.4 எப்போது பார்ப்பது

நிர்வாகம் குறித்துக் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் காலை 11 மணியாக இருக்கும். குளியல் முடிந்து, சிற்றுண்டி முடிந்து, தரை துடைக்கப்பட்டு, எல்லாரும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஏறத்தாழ எல்லா இல்லங்களும் நன்றாகவே தோன்றும். பராமரிப்பின் தரம் சோதிக்கப்படும் வேளைகள் வேறு: குளியலும் கழிவறைப் பணியும் நெருக்கும் காலை 6 மணி முதல் 9 மணி வரை, மதிய உணவு வேளை, அந்தி நேரம் ஆகியவை. மாலை மயங்கும்போது பல மறதிநோயாளருக்குப் பதற்றமும் அலைச்சலும் மிகுவதை மருத்துவர்கள் அந்திநேரக் குழப்பம் என்பர். ஆகவே முதல் வருகை நிர்வாகத்தின் விருப்பப்படி அமைந்தாலும், இரண்டாவது வருகையை மாலை 5 மணியளவிலும், மூன்றாவதை முன்னறிவிப்பின்றியும் அமைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தினர் வரும் நேரத்துக்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கும் இல்லம், அதற்கான காரணத்தை ஏற்கும்படி விளக்க வேண்டிய கடப்பாடு உடையது.

அந்தி வேளையில் கவனிக்கத்தக்க ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். எண்பது வயது மூதாட்டி ஒருவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுகிறார் என்று கொள்வோம். "உங்க பிள்ளைக்கே அறுபது வயசு ஆச்சு, போய் உட்காருங்க பாட்டி" என்பது ஒரு விடை. அது உண்மையே எனினும், பதற்றத்தையும் அவமானத்தையும் மட்டுமே விளைவிக்கும். "பிள்ளைங்க வந்தா சாப்பிட என்ன செஞ்சு தருவீங்க பாட்டி?" என்று கேட்டு, பையைத் தான் வாங்கிக்கொண்டு, பேசியபடியே சமையலறைப் பக்கம் அழைத்துச் செல்வது மற்றொன்று. பயிற்சி பெற்ற பணியாளர் இரண்டாவதையே செய்வார். இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய ஆளுமை மையப் பராமரிப்பு, அதாவது நோயைவிட ஆளை முன்னிறுத்தும் பராமரிப்பு, நடைமுறையில் இத்தகைய சிறு விடைகளாகவே வடிவம் பெறுகிறது.

7.5 பணியாளர்

பணியாளர் எண்ணிக்கையை மொத்தமாகக் கேட்டால் கிடைக்கும் விடை பயனற்றது. சமையற்காரர், ஓட்டுநர், காவலாளி எல்லாரும் அதில் சேர்ந்துவிடுவர். நேரடிப் பராமரிப்பில் ஈடுபடுவோர் காலை, மாலை, இரவு முறைகளில் தனித்தனியே எத்தனை பேர் என்று கேட்டு, பணிமுறைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எளிய கணக்கொன்று இதில் உதவும். உதவி தேவைப்படும் 12 பேரைக் குளிப்பாட்டி உடுத்த ஆளுக்கு அரை மணி நேரம் என்றால் 6 மணி நேர வேலை ஆகிறது; காலை 6 முதல் 9 வரை இரண்டே பணியாளர் இருந்தால் அவர்களின் முழு நேரமும் குளியலிலேயே தீர்ந்துவிடும்; சிற்றுண்டி ஊட்டவோ, கழிவறைக்கு அழைத்துச் செல்லவோ ஆள் இராது. அப்படிப்பட்ட இல்லத்தில் குளியல் அவசரமாக நடக்கும், அல்லது நாள் விட்டு நாள் நடக்கும், அல்லது விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கும். மூன்றில் எது நடக்கிறது என்று கேட்பது பொருத்தமான கேள்வியே.

தகுதியைப் பொறுத்தவரை, மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் அல்லது நான்காண்டு செவிலியர் பட்டம் பெற்றவர் இரவிலும் பணியில் இருக்கிறாரா, அல்லது 'நர்ஸ்' என்று அழைக்கப்படுபவர் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளரா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உதவியாளர்கள் சராசரியாக எவ்வளவு காலம் அங்கே நிலைக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில் யாருடைய பழக்கமும் யாருக்கும் தெரியாது.

மொழி தனிக் கவனத்துக்குரியது. நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழிகள் தேய்ந்து தாய்மொழி மட்டுமே எஞ்சுவது பரவலாகக் காணப்படுவது. இன்றோ நகர்ப்புற இல்லங்களில் உதவியாளர் பலர் வெளிமாநிலத்தவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வெளிக்கு வருது" என்று சொல்லும் முதியவரின் தேவை கழிவறை என்பது புரியாமல் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், அடுத்த நிகழ்வு ஆடை நனைதல், அதற்கடுத்தது நிரந்தர டயப்பர். ஒவ்வொரு பணிமுறையிலும் நோயாளரின் வட்டாரப் பேச்சு புரிந்த ஒருவராவது இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

7.6 உணவு, குளியல், கழிவறை

இல்லத்தின் தரத்தை அறிய உணவு வேளையை முழுமையாக உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான வழி இல்லை. ஊட்டுபவர் நின்றபடி ஊட்டுகிறாரா, எதிரே அமர்ந்து முகம் பார்த்து ஊட்டுகிறாரா; முதல் கவளம் விழுங்கப்பட்ட பின் அடுத்தது தரப்படுகிறதா; தானாக உண்ணக்கூடியவருக்குக் கையில் எடுத்துத் தின்ன வசதியாக இட்லித் துண்டுகளோ உருட்டிய சோறோ தரப்படுகிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். மறதிநோயாளருக்கு நிற வேறுபாட்டை உணரும் திறனும் குறைவதால், வெள்ளைத் தட்டில் வைத்த தயிர்ச்சோறு கண்ணுக்குப் புலப்படாமல் மீந்துவிடும். அடர்நிறத் தட்டைப் பயன்படுத்தும் இல்லம் இதை அறிந்த இல்லம்.

உணவின் போதுமை எடைப் பதிவேட்டில் தெரியும். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை தானாகக் குறைவது மருத்துவ கவனம் தேவைப்படும் நிலையாகும். 50 கிலோ எடையுள்ளவருக்கு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைவதே அபாய அறிகுறி. மாதந்தோறும் எடை பார்க்காத இல்லம் இதை ஒருபோதும் கண்டறியாது.

குளியலின்போது மறதிநோயாளர் அடிப்பதும் கத்துவதும் மிகுதி. முன்னறிவிப்பின்றி ஆடை களையப்படுவதும், தலையில் நேராகத் தண்ணீர் ஊற்றப்படுவதும் அவருக்குத் தாக்குதலாகவே தோன்றுகின்றன. பாதத்திலிருந்து மெல்ல நனைத்தல், மேனியைத் துண்டால் போர்த்தியபடியே கழுவுதல், பெண்களுக்குப் பெண் பணியாளரையே அமர்த்துதல், மறுத்தால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுதல் ஆகியவை அறியப்பட்ட நன்முறைகள். "குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று உதவியாளரிடம் கேட்டால், விடை தானே வரும்.

படுக்கையிலேயே இருப்போருக்கு இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் அழுத்தத்தால் தோல் சிதைந்து படுக்கைப்புண் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கமான தடுப்புமுறை. அதற்கான அட்டை கட்டிலருகே தொங்க வேண்டும். 8, 10, 12 என்று நேரங்கள் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், இரவு முழுவதற்கும் பிசகின்றி நிரப்பப்பட்டிருந்தால், அந்த அட்டை ஒரே அமர்வில் எழுதப்பட்டது என்று ஐயுறுவதில் தவறில்லை.

7.7 நடத்தை மாற்றம், மருந்து, கட்டிவைத்தல்

அமைதியாக இருந்தவர் ஓரிரு நாள்களில் திடீரெனக் குழம்பி, மாயக்காட்சி கண்டு, தூக்கம் கெட்டால், அது பெரும்பாலும் மறதிநோயின் முன்னேற்றமன்று. டெலிரியம் எனப்படும் கடுங்குழப்பநிலை. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். நல்ல இல்லம் முதலில் காரணத்தைத் தேடும்; மற்றது முதலில் தூக்க மாத்திரையைத் தேடும்.

ரிஸ்பெரிடோன், குயிடியாபின் முதலிய மனநோய் மருந்துகள் சில வேளைகளில் தேவைப்படுபவையே; ஆயினும் மறதிநோயுள்ள முதியோருக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் புதிய தலைமுறை மருந்துகளுக்கும் 2008இல் பழையவற்றுக்கும் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே யார் எழுதிக்கொடுத்தார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் புதிய மருந்து தொடங்கப்படாது என்பதை எழுத்தில் பெற வேண்டும். பகலில் கூடத்தில் அமர்ந்திருப்போரில் பலர் தலை தொங்கிய நிலையில் உறங்கினால், அந்த அமைதி மருந்தின் விளைவா என்று விசாரிப்பது அவசியம்.

கட்டிவைத்தலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையாக வரையறுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான குறைந்த நேரத்துக்கு மட்டுமே அது செய்யப்படலாம். காரணம் பதியப்பட வேண்டும். நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். தனியறையில் அடைத்துவைப்பது அறவே தடைசெய்யப்பட்டுள்ளது. ஆள் பற்றாக்குறை சட்டம் ஏற்கும் காரணமன்று. கட்டில் கம்பியிலோ நாற்காலிக் கையிலோ முடிச்சிட்ட துணி, மணிக்கட்டில் தழும்பு ஆகியவற்றைப் பார்வையாளர் காணத் தவறக் கூடாது.

7.8 கட்டடமும் தீப்பாதுகாப்பும்

அலைந்து திரியும் இயல்புடையோர் தெருவுக்குச் சென்றுவிடாதபடி வாசல் காக்கப்பட வேண்டும். எனினும் உள்ளே தடையின்றி நடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதையோ முற்றமோ இருக்க வேண்டும். வழுக்காத தரை, கழிவறையில் கைப்பிடி, இரவு விளக்கு, படம் வரைந்த கழிவறைக் கதவு ஆகியன அடிப்படைத் தேவைகள். கறுப்பும் வெள்ளையுமான தரைக் கட்டங்களில் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தோன்றி நடையைத் தடுக்கும் என்பதும் கருதத்தக்கது.

பூட்டிய கதவு தீ விபத்தில் எமனாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டது தமிழகம் நன்கறிந்த துயரம். இரவில் சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க இயலாதவரை எவ்வழியே, எத்தனை பேர் வெளியேற்றுவார்கள் என்று இரவுப் பணியாளரையே கேட்க வேண்டும். நடக்க இயலாதோரை மாடியில் தங்கவைத்து, மின்தூக்கியை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு ஏற்கத்தக்கதன்று.

7.9 மருத்துவ ஏற்பாடும் இறுதிக்காலமும்

மருத்துவர் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வருகிறார், நெருக்கடியில் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவார், உடன் செல்பவர் யார் என்பவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நோயின் இறுதிக்கட்டத்தில் விழுங்கும் திறன் குன்றும்போது மூக்குவழிக் குழாய் பொருத்துவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் முற்றிய மறதிநோயில் குழாய் உணவைவிடக் கவனமாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. கையால் ஊட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் தர இல்லம் முன்வருமா என்பதே கேள்வி. வலி தணிக்கும் பராமரிப்போடு உயிர் பிரியும்வரை இல்லத்திலேயே இருக்கலாமா, கடைசி நேரத்தில் குடும்பத்தினர் உடன் தங்கலாமா என்பவற்றையும் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

7.10 கட்டணமும் ஒப்பந்தமும்

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். டயப்பர், மருந்து, மருத்துவர் வருகை, தனி உதவியாளர், ஆம்புலன்ஸ் ஆகியவை சேர்ந்ததா, தனியா என்று கேட்டு, நோய் முற்றிய நிலையில் மாதச் செலவு எவ்வளவாகும் என்ற கணக்கை இன்றே எழுதி வாங்க வேண்டும். முன்வைப்புத் தொகை எந்நிலையில், எத்தனை நாளில் திருப்பித் தரப்படும்; நோயாளர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குக் கட்டணம் உண்டா; எக்காரணங்களால், எவ்வளவு கால முன்னறிவிப்புடன் இல்லம் அவரை வெளியேற்றலாம் என்பன ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சொத்தையோ நிரந்தர வைப்பையோ இல்லத்தின் பெயருக்கு எழுதித் தரக் கோரும் ஏற்பாட்டை வழக்கறிஞரின் அறிவுரையின்றி ஏற்கலாகாது.

7.11 முடிவெடுத்தலும் மறுமதிப்பீடும்

எல்லாத் தேவைகளையும் நிறைவுசெய்யும் இல்லம் கிடைப்பது அரிது என்பதால், குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். பழைய கட்டடம், சிறிய அறை, எளிய உணவு, பொழுதுபோக்கு ஏற்பாடுகளின் குறைவு ஆகியவை குடும்பத்தின் பங்களிப்பால் ஓரளவு ஈடுசெய்யத்தக்க குறைகள். பதிவின்மை, முன்னறிவிப்பில்லாத வருகைக்குத் தடை, கட்டிவைத்தல், காரணம் பதியாத மயக்க மருந்து, இரவில் தகுதியுள்ள பணியாளர் இன்மை ஆகிய ஐந்தும் எந்த வசதியாலும் ஈடுசெய்ய இயலாதவை. இவற்றுள் ஒன்று இருப்பினும் அந்த இல்லத்தை விலக்குவதே தகும்.

சேர்க்கும் முன், நோயாளர் எப்பெயரால் அழைக்கப்பட விரும்புவார், காப்பி எப்போது, திருநீறோ தொழுகையோ செபமோ எந்த வேளையில், எதைக் கண்டால் அஞ்சுவார், எந்தப் பாட்டுக்கு அமைதியாவார் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தருவது வழக்கமாக வேண்டும். ஒரு மாதம் கழித்து, அப்பக்கத்தில் உள்ளவற்றை உதவியாளரிடம் விசாரித்தால், அது படிக்கப்பட்டதா, கோப்பில் உறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். முதல் வாரங்களில் பதற்றமும் வீட்டு நினைவும் மிகுவது இயல்பு. எடைக்குறைவு, புதிய காயங்கள், குறிப்பிட்ட பணியாளரைக் கண்டதும் சுருங்குதல் ஆகியவை இயல்பல்ல. ஐயம் எழுந்தால் தேதியுடன் புகைப்படம் எடுத்து, எழுத்தில் விளக்கம் கேட்டு, தீர்வு கிடைக்காதபோது மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணையோ மாவட்ட சமூக நல அலுவலரையோ அணுகலாம்.

நோயும் மாறும், பணியாளரும் மாறுவர். இன்று சரியாக இருக்கும் இல்லம் ஆறு மாதத்தில் பொருந்தாமல் போகலாம். எனவே இவ்வத்தியாயத்தில் கூறிய கேள்விகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுப்புவதும், குடும்பத்தில் யார் எந்த வாரம் எந்த வேளையில் சென்று பார்ப்பது என்று பட்டியலிட்டுக்கொள்வதும், இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் பணியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.